பிள்ளையின் வாயில் வைத்த நேர்த்தி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, பத்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று என்னை இரண்டு தடவை எச்சரித்து, மேசைமீது கைக்கடிகாரத்தைக் கழற்றியும் வைத்திருக்கும் மாதர் சங்கத் தலைவி, மதிப்புக்குரிய பெற்றிசியா அம்மையார் அவர்களே. அவருக்கு வலப்புறம் வீற்றிருந்து, புன்னகையால் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை, வணக்கத்துக்குரிய தோமஸ் அடிகளார் அவர்களே. இந்தக் கரையின் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் ஒவ்வொரு வீட்டு நாயையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர் சகோதரி யதுர்சிகா அவர்களே. முன்வரிசைக் கதிரையை நிறைத்து அமர்ந்திருக்கும் வள்ளங்களின் சொந்தக்காரர், சம்மாட்டி சிங்கராசா ஐயா அவர்களே. வலை இழுத்த கை காயுமுன் வந்து, கதிரை காலியாக இருந்தும் பந்தலின் பின்னால் கூச்சத்தோடு நிற்கும் கடலோடி அண்ணன்மாரே. மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வாழ்வைச் சுமந்து வந்திருக்கும் தாய்க்குலமே. என் பேச்சில் சற்றும் அக்கறை இல்லாமல் மேடைக்குக் கீழே ஓடிப்பிடித்து விளையாடுகிறவர்களும் இந்த விழாவின் உண்மையான நாயகர்களுமான சின்னஞ்சிறு செல்வங்களே. பெரியமடுவில் பிறந்து, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதித்துப் பிழைக்கும் சுஜனின் வணக்கத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மா, மாலை போட்டு முடிக்க நாற்பது நிமிடம் எடுத்தீர்கள். பொன்னாடை போர்த்த இருபது நிமிடம். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் எத்தனை இரத்தம் பார்த்திருப்பேன். என் பத்து நிமிடம் இப்போதுதான் தொடங்குகிறது. கை தட்டாதீர்கள், அதற்கும் நேரம் போகும்.

இன்று இங்கே என்ன விழா? கோயில் பெருநாளா? இல்லை. உதைபந்தாட்டத்தில் கிண்ணம் வென்றோமா? அதுவும் இல்லை; போன கிழமை எப்படித் தோற்றோம் என்பதைப் பின்னால் நிற்கும் தம்பிமார் சொல்வார்கள். இன்று நிறைக்கு விழா. கிலோவுக்கு விழா. இந்தப் பங்கில் இருபத்தேழு பிள்ளைகள் கிளினிக் கொப்பியின் நிறைப் படத்தில் கீழ்க்கோட்டுக்குக் கீழே கிடந்தார்கள். பதினாறு மாதங்கள் பாடுபட்டோம். இன்று காலை கோயில் விறாந்தையில் தராசைத் தொங்கவிட்டு நிறுத்தோம். இருபத்தொரு பேர் கோட்டுக்கு மேலே. மேலே என்றால் மேலே. கோட்டை உரசிக்கொண்டு அல்ல. இப்போது தட்டுங்கள்.

மீதி ஆறு பேரை நான் மறக்கவில்லை. அந்த ஆறு பேரின் தாய்மாரும் இங்கேதான் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். உங்களுக்காகத்தான் இந்த மேடையில் ஏறினேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நான் டொக்டர் அல்லன். எனக்குத் தெரிந்தது ஒரு துளி. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணுக்காட்டியின் அடியில் வைத்தால் அங்கே ஒரு ஊரே தெரியும். அந்த ஊரில் சுமப்பவர்கள் உண்டு, காப்பவர்கள் உண்டு. சுமப்பவர்கள் செங்குழியங்கள்: மூச்சுக்காற்றைத் தூக்கிக்கொண்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை ஓடுகிறவர்கள். காப்பவர்கள் வெண்குழியங்கள்: மூக்கால் வரும் கிருமியோடும் வாயால் வரும் கிருமியோடும் முட்டி மோதி மல்லுக்கட்டுகிறவர்கள். ஊட்டமுள்ள பிள்ளையின் துளியில் சுமப்பவர்கள் சிவந்து நிறைந்து நிற்பார்கள். ஊட்டமில்லாத பிள்ளையின் துளியில் அதே ஆட்கள் சிறுத்து, வெளிறி, நடுவில் ஒன்றுமில்லாத வளையங்களாகக் கிடப்பார்கள். சுமப்பவனுக்கே அந்த நிலை என்றால் காப்பவன் எதைக் கொண்டு காப்பான்?

அவனுக்குப் புரதம் வேண்டும். இரும்பு வேண்டும். துத்தநாகம் வேண்டும். விற்றமின் வேண்டும். இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? பாமசியில் என்று ஓர் அண்ணன் சொல்கிறார். இல்லை அண்ணை. சூடை மீனில் கிடைக்கும். முட்டையில் கிடைக்கும். பருப்பில், பயறில், பப்பாசிப் பழத்தில், முருங்கையிலையில் கிடைக்கும். முருங்கையிலையை இந்தத் தீவில் ஒழுங்காகச் சாப்பிடுகிறவை கழுதைகள் மட்டும்தான். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும் கழுதையை யாராவது கண்டிருக்கிறீர்களா? இது பகிடி, விஞ்ஞானம் அல்ல. கொப்பியில் எழுதுகிற அந்தத் தங்கச்சி இதை வெட்டிவிடுங்கள்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்வோம். சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு தடவை தடிமன் வரும். வரட்டும். ஒவ்வொரு தடிமனும் காவல்காரனுக்கு ஒரு பயிற்சி. ஆனால் பட்டினி கிடக்கும் காவல்காரன் எந்தப் பயிற்சியில் தேறுவான்? தடிமன் நெஞ்சுக்குள் இறங்குகிறது. நெஞ்சுச் சளி பசியைக் கெடுக்கிறது. பசி கெட்டால் நிறை இறங்குகிறது. நிறை இறங்கினால் அடுத்த தடிமன் இன்னும் சுலபமாக இறங்குகிறது. சுற்றிச் சுற்றி வரும் இந்தச் சுழிக்குள் பிள்ளையைத் தள்ளுவது யார்? தடிமனா? மீனை நிறுத்து. இருமலா? முட்டையை நிறுத்து. வாழைப்பழம் குளிர், நிறுத்து. தயிர் குளிர், நிறுத்து. எல்லாவற்றையும் நிறுத்தியபின் மிஞ்சுவது என்ன? வெறும் கஞ்சியும் விசுக்கோத்தும் சீனித் தேத்தண்ணியும். சண்டை நடக்கும் நேரத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தோற்றுவிட்டோமே என்று அழுகிறோம்.

நான் காட்டுப்பக்கத்து ஊரவன். எங்களுக்கு மீன் என்பது கிழமைக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வரும் விருந்தாளி. ஒரு துண்டுக்கு நாங்கள் நாலு பிள்ளைகள் அடிபடுவோம். ஆய்வுகூட வேலை கிடைத்து இந்தக் கரைக்கு வந்தபோது நினைத்தேன்: வாசலில் கடல், வள்ளம் நிறைய மீன், இந்தப் பிள்ளைகள் மல்லர்களாக இருப்பார்கள் என்று. வந்து பார்த்தால் என்ன? கடல் கொடுக்கிறது, கரை வாங்குகிறது, கூலர் லொறி கொண்டுபோகிறது, குழந்தை பார்த்துக்கொண்டு நிற்கிறது. கொழும்புப் பிள்ளை உங்கள் பாரை மீனைச் சாப்பிடுகிறான். உங்கள் பிள்ளை அவன் ஊரிலிருந்து வரும் விசுக்கோத்தைச் சாப்பிடுகிறான். இது என்ன வியாபாரம்? சம்மாட்டி ஐயா, முறைக்காதீர்கள். உங்களைப் பற்றி நல்லதும் சொல்லப்போகிறேன், பொறுங்கோ.

இப்போது ஒரு பிள்ளையின் கதை. தாயிடமும் தகப்பனிடமும் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். தகப்பன் சொன்னார், "வடிவாச் சொல்லுங்கோ தம்பி. ஆனா என்னைக் கொஞ்சம் நல்லவனாச் சொல்லுங்கோ." உள்ளதைச் சொல்கிறேன் அண்ணை. அதுவே காணும்.

ஆய்வுகூடத்துக்குள் எனக்கு ஆட்களைத் தெரியாது. குழாய்களைத் தெரியும். குழாயில் ஒட்டிய பெயரைத் தெரியும். அந்த வருடம் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. டினோஜா, வயது நான்கு. தை மாதம் டினோஜா. மாசியில் டினோஜா. சித்திரையில் டினோஜா. ஒவ்வொரு தடவையும் நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரிக் கட்டில். ஆவணியில் ஏழாம் தடவை அதே பெயர் வந்தபோது, இந்தப் பிள்ளைக்கு இரத்தம் நானே எடுக்கிறேன் என்று எழும்பிப் போனேன்.

மற்றப் பிள்ளைகள் ஊசியைக் கண்டால் கட்டிடம் இடியக் கத்துவார்கள். இவள் கத்தவில்லை. சட்டைக் கையைத் தானே மடித்தாள். "போனமுறை இந்தக் கை. இண்டைக்கு மற்றது" என்றாள்.

நாலு வயதுப் பிள்ளை, தாய்மாரே. ஊசிக்கு முறை வைக்கப் பழகியிருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நிறை பன்னிரண்டு கிலோ. இரத்தத்தின் அளவு எட்டுக்குச் சற்று மேல்; குறைந்தது பதினொன்று இருக்கவேண்டும். தகட்டில் பார்த்தேன்: சிறுத்து வெளிறிய வளையங்கள், எண்ண எண்ண வளையங்கள்.

தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாக்கிறட் அக்கா, இங்கே நாலாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார், அவரிடம்தான் கேட்டேன்.

"அக்கா, பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"சோறு தம்பி. சொதி. பின்னேரம் விசுக்கோத்தும் தேத்தண்ணியும்."

"மீன்?"

"இல்லை."

"முட்டை?"

"இல்லைத் தம்பி. அது நேர்ந்திருக்கு."

என்ன நேர்த்தி? இரண்டு வயதில் பிள்ளைக்குச் சளி முற்றி மூச்சுத் திணறியபோது, தாய் மடு மாதாவின் முற்றத்தில் முழங்காலில் நின்று வார்த்தை கொடுத்திருக்கிறார். இவள் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் படுக்காமல் இருக்கும்வரை மீனும் முட்டையும் இறைச்சியும் இவள் வாயில் படாது. ஒரு வருடம் முடிந்ததும் மாதாவிடம் கூட்டிக்கொண்டு வந்து நன்றி சொல்லி, அதன்பின் மச்சம் கொடுப்பேன்.

கவனியுங்கள். பிள்ளை மீன் தின்னவேண்டும் என்றால் ஒரு வருடம் நோயில்லாமல் இருக்கவேண்டும். நோயில்லாமல் இருக்கவேண்டும் என்றால் மீன் தின்னவேண்டும். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கணக்கு மறுபடி முதலாம் நாளுக்குப் போகிறது. இரண்டு வருடங்கள், இந்தப் பிள்ளை முதலாம் நாளிலேயே நின்றாள். தகப்பன் தினமும் கடலுக்குப் போகிறார், தினமும் மீனோடு வருகிறார், அந்த வீட்டில் மீன் தின்னாத ஒரே ஆள், மீன் தேவைப்பட்ட ஒரே ஆள்.

எனக்குப் பொறுமை இல்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். கத்திவிட்டேன். "உங்கட மனுசன் கடலில என்ன கீரையோ பிடுங்கிறவர்" என்று கேட்டேன். அக்கா கோபப்படவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "தம்பி, நீங்கள் இரத்தத்தைப் பாருங்கோ. மாதாவோட நான் கதைக்கிறன்" என்றார். போய்விட்டார். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. என் வாய்க்குப் பயந்து வரவில்லை.

புரட்டாதியில் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். நிமோனியா. உதடு நீலம். ஆறு நாள் ஒட்சிசன். அந்த ஆறு நாளும் நான் அந்த வார்ட் பக்கம் போகவில்லை, போக முகமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எட்டு என்ற எண் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த எண்ணை ஒரு தாயின் காதில் எப்படிப் போடுவதென்று தெரிந்திருக்கவில்லை. இந்த யதுர்சிகா அக்கா ஆய்வுகூட வாசலில் வந்து நின்று சொன்னார், "சுஜன், உமக்கு நரம்பு பிடிக்கத் தெரியும். மனுசரைப் பிடிக்கத் தெரியாது. வாரும் என்னோட."

பிள்ளை வீடு போன மறுநாள் எல்லோரும் பாதரின் அறைவீட்டு விறாந்தையில் கூடினோம். மாக்கிறட் அக்கா இருந்தார். அவருடைய கணவர் கொலின்ஸ் அண்ணை தூணோடு சாய்ந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். யதுர்சிகா அக்கா என் காலை மிதித்தார். மூடினேன்.

மாக்கிறட் அக்கா சொன்னார், "பாதர், எல்லாரும் நேர்த்தியை உடை எண்டு சொல்லுகினம். மாதாவுக்குக் குடுத்த வார்த்தை. உடைச்சுப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

அடிகளார் பிரசங்கம் வைக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "நேர்ந்தது ஆர்?"

"நான்தான் பாதர்."

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு அவராகவே சொன்னார். "வார்த்தை குடுத்தது என்ர வாய். பட்டினி கிடக்கிறது அவளின்ர வாய். அவளிட்ட நான் கேக்கேல்லையே பாதர். மாதாவும் பிள்ளை வளத்தவதானே. ஒரு பச்சைப் பிள்ளையின்ர சாப்பாட்டைப் பறிச்சுக் குடுத்தால் அவ எப்பிடி வாங்குவா?"

மேடைத் தமிழில்கூட இதைவிடப் பெரிய கேள்வியை நான் கேட்டதில்லை.

அடிகளார் சொன்னார், "உடைக்க வேண்டாம் மாக்கிறட். மாத்துவம். மாத்தித் தர எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா கனம் குறையக்கூடாது. பதிலுக்கு என்ன வைக்கிறியள்?"

"நான் மச்சம் விடுறன் பாதர்."

"விடக்கூடாது" என்றேன் நான். "உங்கட கண்மடலைப் பாத்தாலே தெரியுது, உங்களுக்கே இரத்தம் இல்லை." இந்தத் தடவை யதுர்சிகா அக்கா மிதிக்கவில்லை.

அப்போது எல்லோருடைய கண்ணும் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பியது. கொலின்ஸ் அண்ணையின் காதில் ஒரு பீடி. சட்டைப் பையில் ஒரு கட்டு. அவருக்கு அந்த நேரம் பார்த்து வலை காயப்போட்ட நினைவு வந்தது.

"நான் ஒருக்கா வாடிக்குப் போட்டு வாறன்."

"நில்லுங்கோ" என்றார் மாக்கிறட் அக்கா.

சிரிக்கிறீர்கள். பின்னால் நிற்கும் அண்ணன்மார் சிரிக்கவில்லை, கவனித்தேன். உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவை தும்புத்தடிபோல் அசைந்து அசைந்து தூசையும் சளியையும் கிருமியையும் வெளியே கூட்டித் தள்ளுகின்றன. புகை பட்டால் அந்தத் தும்புத்தடி படுத்துவிடும். கூட்டுவாரில்லாத வீடு என்னவாகும்? பீடிப்புகையும் அதுதான், அடைத்த குசினிக்குள் சுற்றும் விறகுப்புகையும் அதுதான். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தில் மூடி வைத்து மருந்தாவி கொடுப்பதை நம் ஊரில் புகை பிடிப்பது என்பார்கள். தகப்பன் வீட்டில் பிடித்த புகைக்கு மகள் ஆஸ்பத்திரியில் பிடிக்கிறாள்.

இதை அன்று அந்த விறாந்தையில் இவ்வளவு வடிவாகச் சொல்லவில்லை. "அண்ணை, உங்கட புகையும் அந்தச் சளியில பாதி" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. "கடலில குளிர் பாதர்" என்றார், யாரும் ஒன்றும் கேட்காமலே.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"இருபது. இருபத்தைஞ்சும் வரும்."

"அப்ப கனம் காணும்" என்றார் அடிகளார்.

கொலின்ஸ் அண்ணை காதிலிருந்த பீடியை எடுத்து மேசையில் வைத்தார். "இவள் ஒரு வருசம் ஆஸ்பத்திரியில படுக்காமல் இருக்குமட்டும் நான் பீடி தொடன்." தாய் கொடுத்த அதே வார்த்தை, அதே காலம், அதே கணக்கு. ஆள் மட்டும் மாறியது. ஆள் மாறியதும் ஊரே மாறியது.

எப்படி? இதுவரை பிள்ளைக்கு இருமல் வந்தால் பிள்ளைதான் தண்டனை பெற்றாள். இனி இருமல் வந்தால் அப்பாவின் பீடி தூரம் போகிறது. விளைவு? இந்தக் கரையில் சம்பளமில்லாத ஒரு சுகாதார அதிகாரி அன்று பிறந்தார். வாசலில் நின்று விசாரணை: "முட்டை குடுத்தனியோ? கை கழுவினவளோ? சாப்பிட்ட கையோட ஆர் தேத்தண்ணி குடுத்தது? இரும்புச்சத்து உடம்பில ஏறாதெண்டு அந்தக் கத்துற தம்பி சொன்னவரெல்லே." டொக்டர் தந்த பாணிமருந்தைச் சொட்டுத் தவறாமல் ஊற்றினார். வயிற்றுப் பூச்சி மருந்துக்குத் திகதி குறித்து வைத்தார். பழைய தகரப் பீப்பாயை வெட்டிக் குசினிக்குப் புகைக்கூண்டு வைத்தார். தடிமனோடு வீட்டுக்கு வந்த சொந்த மச்சானை, "வெளியில நிண்டு கதை, கேக்குது" என்றார். கிளினிக்கில் தரும் திரிபோசாச் சத்துமாப் பக்கற்றை ஒளித்துவைத்து டினோஜாவுக்கு மட்டும் உருட்டிக் கொடுத்தார். அதை யார் யார் வீட்டில் யார் யார் தின்கிறீர்கள் என்று நான் இந்த மேடையில் கேட்கவில்லை.

கரையில் நடந்ததுதான் உச்சம். கூலருக்கு மீன் ஏற்றுகிற நேரம் கொலின்ஸ் அண்ணை கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ர பிள்ளையின்ர கறியை எடுத்துப்போட்டுத்தான் மற்றது ஏறும்."

சம்மாட்டி ஐயா கேட்டார், "நாலு சூடைக்கு ஏன்ரா இந்தக் குழறு குழறுறாய்?"

"சூடைக்கில்லை ஐயா. என்ர பீடிக்கு."

இப்போது நல்லதைச் சொல்கிறேன், ஐயா. அன்று சிரித்த சிங்கராசா ஐயா, அடுத்த கிழமை தன் வள்ளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் போட்டார்: பிள்ளையுள்ள வீட்டுக் கறிமீன் முதலில் ஒதுங்கும், லொறி பிறகு. இருபத்தொரு பேர் கோட்டுக்கு மேலே ஏறினார்கள் என்றேனே, அது என் நுண்ணுக்காட்டியின் வேலை அல்ல. அந்தச் சட்டத்தின் வேலை.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு சுகம். முடியவில்லை. நாலு மாதம் ஒழுங்காகப் போனது. போன வருடம் தை மாதம், மழைக்குளிரில், டினோஜாவுக்கு இருமல் பிடித்தது. யதுர்சிகா அக்கா தாய்தகப்பனுக்கு மூச்சு எண்ணப் பழக்கியிருந்தார்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணு, இந்த வயதில் நாற்பதைத் தொட்டால் யோசிக்காதே, நெஞ்சு உள்ளே இழுபட்டால் எண்ணவே நிற்காதே, கிளம்பு. மூன்றாம் நாள் விடிய கொலின்ஸ் அண்ணை கைத்தொலைபேசியில் நிமிடம் பார்த்து எண்ணினார். நாற்பத்தாறு.

இப்போது அந்த மனிதரின் நிலையை நினையுங்கள். நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர். கட்டிலில் படுக்கவைத்தால் நாலு மாதமும் கடலோடு போயிற்று. மறுபடி முதலாம் நாள். இன்னும் ஒருநாள் பார்ப்போமே என்று சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய நேர்த்தியிலேயே அந்தப் பொறி இருந்தது; அதை வைத்த எங்களில் ஒருவருக்கும் அன்று அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொலின்ஸ் அண்ணை ஒருநாள் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம்கூடப் பார்க்கவில்லை. நான் ஆய்வுகூடக் கதவைத் திறக்கிறேன், அவர் ஓட்டோவிலிருந்து பிள்ளையோடு இறங்குகிறார்.

"தம்பி, நாலு மாசம் போச்சு. போகட்டும். கெதியாப் பாருங்கோ."

ஊசியை எடுத்தேன். டினோஜா என்னைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். கட்டிடம் இடியக் கத்தினாள். உதைத்தாள். என் கையைக் கடித்தாள். கத்துவதற்கு மூச்சு இருந்தது, உதைப்பதற்குக் காலில் பலம் இருந்தது, கடிப்பதற்குக் கோபம் இருந்தது. என் உத்தியோக காலத்தில் நான் கேட்ட அத்தனை சத்தங்களிலும் இனிமையான சத்தம் அதுதான்.

இரத்தத்தின் அளவு பதினொன்று தசம் மூன்று. அந்தத் துண்டை ஆள்மூலம் அனுப்புவதுதான் முறை. நான் எடுத்துக்கொண்டு வார்ட்டுக்கு ஓடினேன். படியில் செருப்பு ஒன்று கழன்றது, திரும்பவில்லை. தகட்டில் பார்த்ததைச் சொல்லத் தெரியாமல், "அண்ணை, நிரம்பி நிக்குது, எல்லாம் நிரம்பி நிக்குது" என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அழுதார். முன்பு ஆறு நாள் ஒட்சிசனில் கிடந்த பிள்ளை, இந்தத் தடவை மருந்து எடுத்து இரண்டாம் நாள் வீடு போனாள்.

அதன்பின் இந்த ஒரு வருடத்தில் அவளுக்குத் தடிமன் வரவில்லையா? வந்தது. ஐந்து தடவை. மூக்கு ஒழுகியது, இருமினாள், இருமிக்கொண்டே மீன்சோறு தின்றாள், விளையாடினாள், மாறியது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் போகவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி, நோய் எதிர்ப்புச் சக்தி என்று எல்லோரும் பேசுகிறோமே, அது என்ன? நோய் வாசலுக்கே வராது என்பதா? அல்ல. வந்த நோயை வாசலோடு திருப்பி அனுப்புவது. அதை யாரும் போத்தலில் அடைத்து விற்கமுடியாது. தடுப்பூசி அதற்கு ஒரு கை. தாய்ப்பால் ஒரு கை. கோப்பையில் விழும் அந்த நாலு சூடை ஒரு கை. இன்று காலை டினோஜாவின் நிறை பதினாறு தசம் எட்டு. இந்த வருடம் முதலாம் வகுப்பு. மேடைக்குக் கீழே என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாளே, அவள்தான்.

ஆறு தாய்மாரே, இப்போது உங்களிடம் வருகிறேன். நேர்த்தி வைக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? வையுங்கள். முழங்காலில் நின்று வையுங்கள், கண்ணீரோடு வையுங்கள். ஆனால் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். பிள்ளையின் முட்டையில் வைக்காதீர்கள். பிள்ளையின் மீனில் வைக்காதீர்கள். வைக்கவேண்டுமா? பீடியில் வையுங்கள். சாராயத்தில் வையுங்கள். கடுதாசி விளையாட்டில் வையுங்கள். பின்னேரத் தொலைக்காட்சி நாடகத்தில் வையுங்கள். என்ன, அக்காமார் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்? கனம் வளர்ந்தவர்கள் சுமக்கவேண்டியது. வளரவேண்டியவன் தலையில் கனத்தை வைத்தால் அவன் எப்படி வளர்வான்? இன்னொன்றும் கேளுங்கள்: எந்த நேர்த்தியானாலும் ஆஸ்பத்திரி வாசலில் மறியல் போடக்கூடாது. மூச்சு விரைந்தால் வாருங்கள். மனதில் இப்படி ஒன்று வைத்திருக்கிறவர்கள் விழா முடிய அடிகளாரிடம் போங்கள். மாற்றித் தருவார். நான் கிட்ட நிற்கமாட்டேன், கத்தமாட்டேன், சத்தியம்.

கடைசியாக ஒன்று. டினோஜா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு போய் நேற்றோடு ஒரு வருடம். நேர்த்தி நிறைவேறிவிட்டது. கணக்குப்படி கொலின்ஸ் அண்ணை நேற்றிலிருந்து விடுதலையான மனிதர். அண்ணை, பந்தல்காலுக்குப் பின்னால் மறைய வேண்டாம். ஊர் கேட்கிறது. பீடி பற்ற வைத்தீர்களா?

கேட்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமல் சொல்லுங்கோ, உங்களுக்குக் கடல் தொண்டை.

"இல்லை" என்கிறார். ஏன்?

மறுபடி சொல்லுங்கோ. சத்தம் போடாதீர்கள், பிள்ளைகளே, அண்ணை ஏதோ சொல்கிறார்.

"மாக்கிறட்டுக்கு மூண்டாம் மாசம். அதுக்கும் சேத்து நேந்திட்டன்" என்கிறார்.

யதுர்சிகா அக்கா, உங்களுக்குத் தெரியுமா? தலையாட்டுகிறார். பாதருக்கும் தெரியும்போல. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நாளைக்கு அக்காவின் பெயர் ஒட்டிய குழாய் வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். தட்டுங்கள், இப்போது நேரம் போனால் போகட்டும். அம்மையாரே தட்டுகிறார். மாக்கிறட் அக்கா, முந்தானையை எடுங்கோ, கண்மடலைப் பார்க்கவேண்டும். காலமை வெறும் வயிற்றோடு வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் நான் நிறுத்துகிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுமை இல்லாமல் ஓடிய பிள்ளைகளுக்கும், என்னைப் பேச அழைத்த மாதர் சங்கத்துக்கும், விடியற்காலை தொட்டு அந்தப் பெரிய சட்டியில் மீன் ஆக்கிக்கொண்டிருக்கும் கைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. முதல் கோப்பை மாக்கிறட் அக்காவுக்கு, அதற்கடுத்தது பிள்ளைகளுக்கு, ஆம்பிளைகள் வரிசையில் பின்னால் வாருங்கள், நானும் அங்கேதான் நிற்பேன். வணங்கி விடைபெறுகிறேன்; சாப்பிட வாங்கோ.